விரிதாள் ‘நேம்டு ரேஞ்ச்’: ‘பெயர்ச்சுட்டு’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

வாய்ப்பாட்டில் கலத்தின் (செல்) முகவரிக்குப் பதிலாக எழுத நாம் சூட்டும் பெயரே ‘நேம்டு ரேஞ்ச்’. அதற்குத் தமிழில் ‘கலப்பெயர்’ என்பது பொருந்தாது. அந்தப் பெயர் ஒரு கலத்தை மட்டுமா குறிக்கிறது? கலத்தொகுதியைக் குறிக்கலாம், 0.05 என்ற வெறும் எண்ணையும் குறிக்கலாம். ‘சுட்டுப்பெயர்’ என்றால் இலக்கணத்தில் அவன், இது எல்லாம் வந்துவிடும். ஆகவே ‘பெயர்ச்சுட்டு’. டாலர் குறியுள்ள, இடம் மாறாத முகவரியை நிலைச்சுட்டு, அக்குறி இல்லாத, வாய்ப்பாடு இருக்கும் இடத்துக்கேற்ப நகரும் முகவரியை நகர்சுட்டு என்றால் குடும்பமே ஒரே வேரில் அமையும்.

ஸ்கிரிப்டில் விரிதாள் உருவாக்குகிறவருக்கு இந்தப் பிரிவு உயிர்நாடி. காசிமேட்டு மீன் ஏலக் கணக்கை ஓப்பன்பைஎக்செல் (எக்செல் கோப்பு எழுதும் பைத்தான் நிரல்தொகுப்பு) வழியே எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ரேட்’ தாளின் பி2-இல் கமிஷன் விகிதம். அதற்கு ‘கமிஷன்_ரேட்’ என்று பெயர்ச்சுட்டு. வரையறையில் டாலர் குறிகள் விட்டுப்போனால் அது நகர்சுட்டாகிவிடும். கோப்பில் அதை ஏ1-இலிருந்து எண்ணி, ‘ஒரு நெடுவரிசை வலம், ஒரு வரிசை கீழ்’ என்று கொள்வதால், டி5-இல் உள்ள வாய்ப்பாடு பி2-க்குப் பதில் இ6-ஐ எடுக்கும். இ6 காலியென்றால் கமிஷன் 0. பிழைச்செய்தி வராது, ஏலத்தொகை முழுவதும் படகுக்காரர் கணக்கில் ஏறிவிடும். பெயரையே தப்பாக எழுதினால் ‘நேம்’ பிழை உடனே கண்ணில் படும். இது படாது.

‘டேக்ஸ்25’ போன்ற பெயரும் ஆகாது. நெடுவரிசைகள் எக்ஸ்எஃப்டி வரை, அதாவது 16,384 இருப்பதால், ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஒரு கலத்தின் முகவரியேதான். நடுவில் அடிக்கோடு போடுங்கள். ஓப்பன்பைஎக்செல் இதைத் தடுக்காது. எக்செலில் திறக்கும்போதுதான் கோப்பில் கோளாறு என்று வரும்.

* * *

அண்ணே, ‘பெயர்ச்சுட்டு’க்கு என் ஓட்டு. கூடவே வீச்செல்லைக்கும் (ஸ்கோப், அதாவது ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை) சொல் வேண்டும்: ‘கோப்பளவு’, ‘தாளளவு’. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் அந்தத் தாளுக்குள் தாளளவுப் பெயர்ச்சுட்டே செல்லும்; நாள்தோறும் தாள் சேர்க்கிற ஸ்கிரிப்டில் பழைய விகிதம் ஒளிந்திருப்பது இப்படித்தான்.

ஓப்பன்பைஎக்செல் 3.1 பதிப்பிலிருந்து பெயர்ச்சுட்டுகள் பைத்தான் அகராதி (டிக்ட்) வடிவில் இருக்கின்றன. பெயர் சேர்க்கும் பழைய ‘அப்பெண்ட்’ வரி அங்கே பிழையாகி நின்றுவிடும். வரிசை செருகும் கட்டளையும் பெயர்ச்சுட்டை நகர்த்தாது. தலைப்புக்கு மேலே ஒரு வரிசை செருகினால் பி2 என்றே நிற்கும், விகிதமோ பி3-க்குப் போயிருக்கும். அதனால் வரிசைகளையெல்லாம் எழுதி முடித்த பிறகே பெயர்ச்சுட்டை வரையறுங்கள்.