அண்டர்-17: "17 வயதுக்குட்பட்டோர் அணி" என்பதை மாற்றலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் அண்டர்-17 என்பதற்கு "17 வயதுக்குட்பட்டோர் அணி" என்று போட்டிருக்கிறோம். செய்திகளிலும் இதுதான் புழக்கம். ஆனால் இந்தச் சொல் தவறான தகவலைத் தருகிறது.

2017-இல் இந்தியாவில் நடந்த அண்டர்-17 கால்பந்து உலகக் கோப்பையைப் பாருங்கள். அக்டோபர் 28, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இறுதி ஆட்டம். ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து 5-2 என்று வென்றது. என்ன ஆட்டம் அது! அதில் இரண்டு கோல் அடித்த ஃபில் ஃபோடன் பிறந்தது 2000 மே 28. அன்றைக்கு அவருக்குப் 17 வயது முடிந்து ஐந்து மாதம். தொடரில் 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்ற ரியான் பிரூஸ்டர் இன்னும் மூத்தவர். இருவரும் விதிப்படிதான் ஆடினார்கள். 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் போதும் என்பதே விதி. ஆட்ட நாளில் என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை.

நம் சொல்லை நம்பும் வாசகர் இந்தப் பிறந்த தேதிகளைப் பார்த்தால் வயது மோசடி என்றுதான் நினைப்பார். அந்தப் பழி இந்தப் பிரிவில் லேசானதல்ல. அந்த மோசடியைத் தடுக்கத்தான் 2009 முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கப் பையன்களின் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது.

என் பரிந்துரை: அணிக்கு "17 வயதுப் பிரிவு அணி". தகுதிக்கான அந்தத் தேதிக்குப் "பிறப்பு வரம்பு".

*

வணக்கம் ஐயா.

"பிறப்பு வரம்பு" அருமை, அப்படியே ஏற்கலாம். டோக்கியோ ஒலிம்பிக் 2021-க்குத் தள்ளிப்போனபோது இந்தச் சொல் இருந்திருந்தால் எவ்வளவு எளிதாக எழுதியிருக்கலாம்! அணிக்கு மூன்று பேரைத் தவிர, அங்கே ஆண்கள் கால்பந்து அண்டர்-23 பிரிவுக்கானது. வரம்பை 1997 ஜனவரி 1 என்றே வைத்துக்கொண்டதால் 24 வயதானவர்களும் ஆடினார்கள். "23 வயதுக்குட்பட்டோர்" என்று எழுதிவிட்டு அதை விளக்க ஒரு பத்தி தேவைப்பட்டது.

அணிக்கு மட்டும் "அகவை-17 அணி" என்று வைக்கலாமே? சுருக்கம், புள்ளிப்பட்டியலிலும் அடங்கும்.

*

அம்மா, அகவை நல்ல சொல்தான். ஆனால் மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடுகிற பிள்ளையைக் கேட்டால் "17 வயதுப் பிரிவு" என்று தானே சொல்லும். புழக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திணிக்க எனக்கு மனமில்லை. புள்ளிப்பட்டியலுக்கு "17 வ.பி." போதும்.

எடுத்துக்காட்டு வாக்கியமாக இதைப் போடலாம்: "2017 அக்டோபர் 9 அன்று டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக, சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார், ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியாவின் முதல் கோலை அடித்தது 17 வயதுப் பிரிவு அணி." அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி அடித்து 2-1 என்று வென்றுவிட்டது, அது தனிக் கதை.

மறுப்பு இல்லையென்றால் 20, 23 இரண்டையும் இதே முறையில் மாற்றிவிடுகிறேன்.