ஓடிட்டிருக்கிற ஸ்டோரேஜ்ல டிஸ்க், பவர் சப்ளை மாத்துன அனுபவம் இருந்தா சொல்லுங்க

ரேக்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். ரெய்டு 5 வால்யூம்ல (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து, ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி வச்ச செட்டு) ஒரு டிஸ்க் அவுட், சாஃப்ட்வேர் ஸ்லாட் 3ன்னு காட்டுது, கூட வந்த பையன் இடதுபக்கத்துல இருந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி கையை வச்சுட்டான். அந்த ஷெல்ஃப்ல (டிஸ்க்கெல்லாம் வரிசையா சொருகியிருக்கிற பெட்டி) நம்பர் 0ல இருந்து ஆரம்பிக்குது! நில்லுப்பான்னு சொல்லி லொகேட் லைட்டை (எந்த டிஸ்க்னு காட்ட அதுலயே மினுக்குற லைட்) போட்டா அவன் கை வச்சதுக்கு பக்கத்துல இருக்கிறது மினுக்குது. அவன் உருவியிருந்தா மொத்த வால்யூமும் காலி, ஏன்னா ரெய்டு 5 ஒரு டிஸ்க் போறதைத்தான் தாங்கும். இதுல கடுப்பு என்னன்னா சீரியல் நம்பர் பெரும்பாலும் டிஸ்க் மேலதான் ஒட்டியிருக்கும், உருவாம படிக்க முடியாது, அதனால எந்த ஸ்லாட்ல எந்த சீரியல்னு முன்னாடியே எழுதி ரேக் கதவுல ஒட்டிடுங்க.

இன்னொண்ணு, சுத்துற டிஸ்க்கா இருந்தா லாட்ச் திறந்து கொஞ்சம் மட்டும் வெளிய இழுத்துட்டு ஒரு 30 செகண்ட் சும்மா நில்லுங்க, உள்ள தட்டு நிக்கட்டும். எஸ்எஸ்டிக்கு இது வேண்டாம்.

நைட்ஷிஃப்ட்:
டிஸ்க்கை விட எனக்கு பவர் சப்ளைதான் பயம் ப்ரோ. ரெண்டு இருக்கு, ஒண்ணு செத்தா என்னன்னு எல்லாரும் அசால்ட்டா இருப்பாங்க. நான் போன ஒரு இடத்துல ரெண்டு கேபிளும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல சொருகியிருந்தது, அப்புறம் ரெண்டு இருந்து என்ன பிரயோஜனம்? உருவுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பச்சை லைட்டோட இருக்கா, அதோட கேபிள் எங்க போகுதுன்னு கையால தொட்டு பாத்துட்டே போங்க. முதல்ல கேபிள், அப்புறம்தான் யூனிட். புதுசு அதே பார்ட் நம்பரான்னும் பாருங்க, சொருகுற ஷேப் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக வாட்ஸ் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

புதுவரவு:
அண்ணே எங்ககிட்ட ஃபேன் ஒண்ணு நின்னுபோச்சு, புதுசு வர நாளாகும், கழட்டி வச்சுடவா?

நைட்ஷிஃப்ட்:
ஐயோ வேண்டாம், அப்படியே விடுங்க தம்பி. ஓட்டை விட்டா காத்து டிஸ்க் வழியா வராம அந்த ஓட்டை வழியா சுலபமா போயிடும், சூடு ஏறும். புது பார்ட்டை பிரிச்சு கையில வச்சுகிட்டு அப்புறம்தான் பழசை எடுக்கணும். காலி டிஸ்க் ஸ்லாட்டுக்கு பிளாங்க் (வெறும் மூடி) போடுறதும் இதே காரணத்துக்குத்தான், அழகுக்கு இல்ல.

வட்டுமாமா:
எல்லாம் சரி, சொருகுனதும் வேலை முடிஞ்சதுன்னு கிளம்புறவங்களை என்ன பண்றது. பச்சை லைட் வந்துச்சுன்னா டிஸ்க் தெரியுதுன்னுதான் அர்த்தம், ரீபில்ட் (போன டிஸ்க்ல இருந்த டேட்டாவை மத்த டிஸ்க்கை வச்சு புதுசுல திரும்ப எழுதுறது) முடிஞ்சுதுன்னு இல்ல. 18 டிபி டிஸ்க்கை செகண்டுக்கு 200 எம்பி வேகத்துல எழுதுனாலே 25 மணி நேரம், ஊடால யூசர் லோடு இருந்தா இன்னும் இழுக்கும், அது வரைக்கும் அந்த ஷெல்ஃப்ல யாரும் வேற எதையும் தொடக்கூடாதுன்னு நான் சீட்டு எழுதி ஒட்டிட்டுதான் வருவேன். வேற பாக்ஸ்ல இருந்து எடுத்த பழைய டிஸ்க்கை ஸ்பேரா போட்டா கண்ட்ரோலர் (டிஸ்க்கையெல்லாம் நிர்வாகம் பண்ற கார்டு) ஃபாரின்னு, அதாவது வேற செட்டோட டிஸ்க்னு காட்டும், அந்த பழைய செட்டப்பை இம்போர்ட் பண்ணவான்னு கேக்கும், அவசரத்துல எஸ் அமுக்கிடாதீங்க. உள்ள இருக்கிற டேட்டா யாருக்கும் வேண்டாம்னு தெரிஞ்சுகிட்டு கிளியர் பண்ணிட்டு ஸ்பேரா சேருங்க.