எடை குறைக்க, நின்று பிடிக்கிற மாதிரி ஒரு திட்டம் வேணும், உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். வயது 41, எடை 86 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். பகல் முழுக்கக் கந்தோர்க் கதிரைதான்.

தைப்பொங்கலன்று 'மூன்று மாதத்தில் 15 கிலோ' என்று சபதம் போட்டேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, விடியப்புறம் கடற்கரை மணலில் ஓட்டம். ஐந்தாவது கிழமை முழங்கால் வீங்கியது. மறுகா புட்டும் முட்டைப்பொரியலும் இரட்டிப்பாக உள்ளே போயின. குறைந்த நாலு கிலோ ஐந்தாகத் திரும்பி வந்தது.

இந்த முறை சின்னதாகத் தொடங்கியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கிழமைக்கு 150 நிமிடத்தை, ஐந்து நாளுக்கு அரை மணியாகப் பிரித்துப் பழைய கல்லடிப் பாலத்தில் வேகமாக நடக்கிறேன். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டியாக இருந்த சீனி ஒன்றாகிவிட்டது. (நாளைக்கு ஆறு தேத்தண்ணி என்பதையும் எழுதச் சொல்லி மனைவி பக்கத்தில் நிற்கிறார்.)

சிக்கல் மத்தியானப் பீங்கானில்தான். சோறு மலை மாதிரி, ஓரத்தில் ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி வல்லாரைச் சுண்டல். சோற்றைப் பாதியாக்கினால் நாலு மணிக்கே வயிறு கூப்பிடுகிறது, கால் தானாக ரோல்ஸ் கடைக்குப் போகிறது.

சோற்றைக் குறைத்து மீன், பயறு, கௌபி, தயிர் என்று மாற்றியவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் நோகாமல் என்ன செய்யலாம்? பவுடர் விற்கிறவர்கள் இன்பொக்ஸ் வரவேண்டாம்.