மொண்டேரோ கூரையில் அலுமினிய வள்ளம்: பக்கத்தால் ஏற்றும் லோடரா, பின்னால் ஏற்றும் றோலரா?

நிலாவெளி_வலை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெல்பேர்னில் இருக்கும் அண்ணா தன்னுடைய 3.6 மீட்டர் அலுமினிய வள்ளத்தை எனக்கு அனுப்பிவிட்டார். கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி அரிசி ஆலைத் தராசில் நிறுத்தோம், 62 கிலோ. எஞ்சின் 15 குதிரைவலு, அது வண்டிக்குள்ளே போகும். வண்டி பழைய மொண்டேரோ ஜீப். கையேட்டில் கூரைக்கு 100 கிலோ என்று போட்டிருக்கிறது. இறக்கக்கண்டிக் களப்பு, தம்பலகாமக் குடா, எப்போதாவது கந்தளாய்க் குளம் என்று போவேன். பெரும்பாலும் தனியாகத்தான். வயது 53, நாரியில் கொஞ்சம் பிரச்சினை.

இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஒஸ்ரேலியாவில் விற்கும் மின் லோடர். வள்ளத்தை வண்டியின் பக்கத்தில் வைத்துக் கொளுவினால், 12 வோல்ட் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) தூக்கிக் கவிழ்த்துக் கூரையில் வைத்துவிடும். அண்ணா வாங்கி அனுப்பத் தயார். மற்றது பின் கூரை விளிம்பில் ஒரு றோலர் (உருளை), முன்னால் ஒரு கை வின்ச். அதை இங்கேயே செய்விக்கலாம். எது நல்லது?

கொட்டியாரம்:

தம்பி, பக்க லோடரையே எடுங்கள். நாரி நோ உள்ளவர் தனியாகப் போகிறார் என்றால் வேறு பேச்சே இல்லை. றோலர் முறையில் முதல் வேலை என்ன? வள்ளத்தின் அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கி றோலர் மேல் வைக்க வேண்டும். ஒரு முனையைத் தூக்கினால் பாதிப் பாரம், 31 கிலோ. அதை உங்கள் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும், மணலில் கால் புதைய நின்றுகொண்டு. இருபது வயதுப் பிள்ளைக்குச் சரி. உங்களுக்குச் சரிவராது.

இன்னொன்று, மொண்டேரோவுக்கு ஸ்பெயார் ரயர் பின் கதவில் இருக்கிறது. பின்னால் ஏற்றும் எந்த அமைப்பும் அதோடு மல்லுக்கட்டும். பக்க லோடர் என்றால் பின் கதவு எப்போதும் திறக்கும், எஞ்சினை இறக்கலாம், ஐஸ் பெட்டியை எடுக்கலாம்.

சீனன்குடா_பட்டறை:

கொட்டியாரம் அண்ணா நாரியைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 100 கிலோவை எப்படிச் செலவழிக்கப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லையே. அந்த 100 வள்ளத்துக்கு மட்டும் தந்த எல்லை இல்லை. றாக் (கூரைச் சட்டகம்), லோடர், வின்ச், வள்ளம், கட்டுகிற கயிறு எல்லாம் சேர்த்துத்தான் 100.

நிலாவெளி அண்ணா, உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் றாக் இரும்பா? 40க்கு 40, இரண்டு மில்லிமீட்டர் பொக்ஸ் பார் என்றால் ஒரு மீட்டர் ஏறத்தாழ 2.4 கிலோ. 12 மீட்டர் பிடித்திருந்தால் 29 கிலோ அதிலேயே போய்விட்டது. லோடர் விற்பவரிடம் அதன் நிறையை எழுத்தில் கேளுங்கள். விளம்பரங்களில் எவ்வளவு தூக்கும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், தன் நிறை எவ்வளவு என்பது தேடித்தான் எடுக்க வேண்டும்.

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். கூரையே வேண்டாம் தம்பி, ட்ரெயிலர் ஒன்று எடுங்கள். 62 கிலோ வள்ளத்துக்கு சின்ன ட்ரெயிலர் போதும், எஞ்சினைக்கூடக் கழற்றத் தேவையில்லை. கூரையில் வள்ளத்தோடு கச்சான் காற்று நாட்களில் எங்கள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து பார்த்திருக்கிறீர்களா? 396 மீட்டர், இரண்டு பக்கமும் மறைப்பு இல்லாத தண்ணீர். பக்கக் காற்று அடித்தால் வண்டி ஒதுங்குவது ஸ்டியரிங்கிலேயே தெரியும்.

கொட்டியாரம்:

நானா, ட்ரெயிலரை உப்புத் தண்ணீரில் இறக்கினால் பெயாரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? இறக்கக்கண்டியில் களப்புக்கரை வரை போகிற மணலில் வண்டியே முனகிக்கொண்டு போகும். பின்னால் இரண்டு சின்னச் சக்கரத்தையும் இழுத்தால் அங்கேயே இருந்து சோறு சமைக்க வேண்டியதுதான். ட்ரெயிலருக்குப் பதிவும் வேண்டும், நிறுத்த வளவும் வேண்டும்.

பட்டறைத் தம்பிக்கு: 100 கிலோ என்பது ஓடும்போது உள்ள எல்லை. குழி, வளைவு, பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கூரை அதைவிட அதிகம் தாங்கும், அதனால்தான் கூரைக் கூடாரத்தில் இரண்டு பேர் படுக்கிறார்கள். லோடர் வேலை செய்வது வண்டி நிற்கும்போது. அந்த நேரத்துப் பாரத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

சீனன்குடா_பட்டறை:

நிற்கும்போது அதிகம் தாங்கும் என்பது உண்மை, ஆனால் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதையும் பாருங்கள் அண்ணா. கூடாரத்தில் படுப்பவர்களின் பாரம் நேரே கீழே போகிறது, வண்டியின் தூண்கள் தாங்கும். பக்க லோடரில் வள்ளம் வண்டிக்கு வெளியே தொங்குகிறது. வள்ளம் தொங்கும் பக்கத்து றாக் கால்கள் கீழே அமர, எதிர்ப்பக்கத்துக் கால்கள் மேலே இழுபடும். கூரைத் தண்டவாளத்தில் கவ்விக்கொண்டிருக்கிற கால் முதன்மையாக அமுக்கத்துக்குச் செய்தது. மேலே இழுத்தால் பிடிப்பது அந்தச் சின்னக் கவ்வியும் அதன் போல்டும் மட்டும்தான். பழைய வண்டி வேறு, தண்டவாளத்துக்குக் கீழே துரு இருக்கிறதா என்று யார் கழற்றிப் பார்த்தார்கள்? இதோடு கரை ஒரு பக்கம் சரிவாக இருந்தால் வண்டியும் சாயும், இழுவை இன்னும் கூடும்.

வின்ச் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். கையால் சுற்றி இறக்க வழி இல்லாத லோடரை நான் என் வண்டியில் பூட்டமாட்டேன். பாதி உயரத்தில் வள்ளம் தொங்க, கடற்கரையில் தனியாக நிற்பது ஆபத்து. திருமலை உப்புக் காற்றில் மின் இணைப்புகள் பச்சை பிடிப்பதை தினமும் பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

உப்புவெளி_ஹைலக்ஸ்:

இடையில் வருகிறேன், நான் டபுள் கெப் வைத்திருப்பவன். இதை வாசிக்கிற கெப்காரர்கள் மொண்டேரோவுக்குச் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். கெபினும் பின் தட்டும் சேசியில் தனித்தனியாக இருப்பவை. கரடுமுரடான பாதையில் இரண்டும் வெவ்வேறாகத் திருகும். ஒரு முனை கெபின் கூரையில், மறுமுனை தட்டின் சட்டகத்தில் என்று வள்ளத்தை இறுக்கினால் அந்தத் திருகல் முழுவதும் வள்ளத்துக்கோ கூரைக்கோ போகும். ஒரு முனையையாவது கொஞ்சம் அசையவிட வேண்டும்.

நிலாவெளி_வலை:

எல்லோருக்கும் நன்றி. கேட்டபடி நிறுத்தேன். பழைய இரும்பு றாக் 31 கிலோ. லோடர் 38 கிலோ என்று விற்பவர் அண்ணாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 62, 38, 31, மொத்தம் 131. இரும்பு றாக்கைக் கழற்றிவிட்டு மூன்று அலுமினியக் குறுக்குச் சட்டம் போட்டால் 14 கிலோதான். அப்போதும் 114. றோலரும் கை வின்ச்சும் 9 கிலோவுக்குள் முடியும் என்றால் மொத்தம் 85. கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் கொட்டியாரம் அண்ணா சொன்ன அந்த 31 கிலோவைத் தலைக்கு மேலே தூக்குவது என்னால் முடியாது.

சீனன்குடா_பட்டறை:

தூக்கவே தேவையில்லை அண்ணா. பின் குறுக்குச் சட்டத்தில் இருந்து நிலத்துக்கு இரண்டு சாய்வுக் கம்பி, கழற்றி மாட்டுகிற மாதிரி. வள்ளத்தைக் கவிழ்த்து அணியத்தை கம்பியின் கீழ்முனை மேல் வைத்தால் போதும், வின்ச் இழுக்க அது வழுக்கிக்கொண்டு ஏறும். கம்பி ஸ்பெயார் ரயரில் முட்டாமல் இருக்க ஒரு சாண் வெளியே நிறுத்தலாம். ஏற்றி முடிந்ததும் கம்பியைக் கழற்றி உள்ளே போட்டால் பின் கதவு தாராளமாகத் திறக்கும். ஒன்றைக் கவனியுங்கள். வள்ளம் சமநிலைக்கு வருகிற நொடியில் 62 கிலோவும் அந்தப் பின் சட்டம் ஒன்றில்தான் நிற்கும். அதனால் பின் சட்டத்தின் கால்களை மற்றவற்றைவிடத் தடிப்பாகச் செய்ய வேண்டும்.

கொட்டியாரம்:

சாய்வுக் கம்பி நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 85 கிலோவும் சரியில்லை தம்பி. கல்லும் குழியுமான பாதைக்கு றாக் எல்லையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி றாக் செய்பவர்கள் பலர் எழுதுகிறார்கள். உங்கள் 100 அப்போது ஏறத்தாழ 67 ஆகிறது. இறக்கக்கண்டிக் கரைக்குப் போகிற பாதை தார் றோட் இல்லையே. பக்க லோடர் பாரம் என்று தள்ளினீர்கள், றோலரும் அந்த எல்லைக்குள் வரவில்லை.

கிண்ணியா_நானா:

அதைத்தான் நான் முதலே சொன்னேன். ட்ரெயிலர்.

உப்புவெளி_ஹைலக்ஸ்:

தார் முடிகிற இடத்தில் இறக்கிவிட்டால்? எஞ்சின் பூட்டுகிற பலகையில் மாட்டுகிற சக்கரங்கள் இருக்கின்றன, அகலமான காற்று ரயர். வள்ளத்தைத் தள்ளுவண்டி மாதிரி பிடித்துக் களப்பு வரை கொண்டுபோகலாம். கூரையில் பாரம் இருக்கும்போது வண்டி தாரை விட்டு இறங்கவே வேண்டாம்.

கொட்டியாரம்:

எஞ்சினும் எரிபொருளும் மறுபடி நடந்து போய் எடுத்து வர வேண்டும். நாரி நோ உள்ளவருக்கு இது சுகமா? எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கூரை எல்லை கூடிய வண்டி ஒன்று இவரிடம் இருந்தால் பக்க லோடர்தான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

நிலாவெளி_வலை:

அண்ணா, வண்டியை மாற்ற வசதி இல்லை, அதனால் இருக்கிற 100 கிலோவுக்குள்தான் நான் நிற்க வேண்டும். வள்ளத்தை இறக்கியதும் வண்டி வெறும் கூரையோடு கரை வரை போகலாமே, எஞ்சின் உள்ளேயே வரும். வள்ளம் மட்டும்தான் சக்கரத்தில். அதை மகன் தள்ளுவான். அவன் வராத நாள் தம்பலகாமப் பக்கம் போகிறேன், அங்கே நான் இறக்குகிற இடத்துக்கு றோட்டில் இருந்து கொஞ்ச தூரம்தான். அண்ணாவிடம் லோடர் வேண்டாம், சக்கரம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நானா, பாலத்துக் காற்றுக்கு என்ன செய்வது?

கிண்ணியா_நானா:

சரி, ட்ரெயிலர் வேண்டாம் என்றால் இதைச் செய்யுங்கள். குறுக்குச் சட்டங்களில் கட்டியது போதாது. அணியத்தில் இருந்து முன் பம்பரின் இரண்டு மூலைக்கும் தனித்தனிக் கயிறு, பின்னாலும் அதேபோல. ஒரே கயிறு நடுவில் போட்டால் பக்கக் காற்றுக்கு அது பிடிக்காது. வேகத்தையும் குறையுங்கள். 60 இல் இருந்து 80 க்குப் போனால் எதிர்க்காற்றின் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கச்சான் பலமாக அடிக்கிற மத்தியானங்களில் பாலத்துப் பக்கம் வராதீர்கள், விடியப்புறம் வாருங்கள்.

சீனன்குடா_பட்டறை:

அண்ணா, வண்டியை ஒரு நாள் வெறும் கூரையோடு கொண்டுவாருங்கள். முதலில் தண்டவாளத்தைக் கழற்றிக் கீழே துரு பார்க்க வேண்டும், அது நன்றாக இருந்தால்தான் மிச்ச வேலை. வள்ளத்தின் அகலத்தை விளிம்போடு விளிம்பு அளந்து வாருங்கள், குறுக்குச் சட்டம் அதைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். துருப்பிடிக்காத போல்ட் அலுமினியத்தோடு நேரே தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், ஒவ்வொன்றுக்கும் நைலோன் வொஷர் போடுகிறேன். றோலர் ரப்பரா நைலோனா என்பதை வள்ளத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.