கடலூர்ல இருந்து ஓசூருக்கு மாத்தல், பசங்கள கூட்டிட்டுப் போகலாமா?

மஞ்சக்குப்பம் அம்மா:
எங்களுக்கு மியூச்சுவல்ல டைவர்ஸ் ஆயிடுச்சு, கடலூர் ஃபேமிலி கோர்ட் ஆர்டர்ல ஜாயின்ட் கஸ்டடி. பெரியவ ஒண்ணாவது, சின்னவனுக்கு நாலு வயசு. வாரநாள்ல என்கூட, சனி ஞாயிறு பாண்டியில முதலியார்பேட்டைல அவங்கப்பாகிட்ட, வெள்ளி சாயந்திரம் அவரே வந்து கூட்டிட்டுப் போவாரு, இதுவரைக்கும் பெருசா சண்டை இல்ல. இப்ப கம்பெனில ஓசூர் பிளான்ட்டுக்குப் போனா சூப்பர்வைசர் போஸ்ட், வாடகை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நெனச்சா விட மனசு வரல. அவர்கிட்ட இன்னும் சொல்லல. அஞ்சு வயசுக்குள்ள கொழந்த அம்மாகிட்டதான்னு சட்டமே இருக்கு, நீ பாட்டுக்கு டிசி வாங்கிட்டு கெளம்புங்கறாரு எங்கண்ணன். பிரச்சனை வருமா? பசங்க அப்பாவ நெனச்சு ஏங்கிடுமோன்னும் பயமா இருக்கு.

கோர்ட் வாசல்:
சிஸ்டர், அப்படி கெளம்பாதீங்க. உங்கண்ணன் சொல்றது 1956 இந்து மைனர், காப்பாளர் சட்டத்துல 6வது பிரிவு, அதுலயே "சாதாரணமா" அம்மாகிட்டன்னுதான் இருக்கு, 13வது பிரிவு கொழந்தையோட நலன்தான் முக்கியம்ங்குது. உங்க கையில ஏற்கனவே ஆர்டர் இருக்கு, சனி ஞாயிறு அப்பாவுக்குன்னு எழுதியிருக்கறத நீங்களா உடைச்சா அவர் மனு போட்டுடுவாரு, அப்புறம் நல்ல காரணத்துக்குப் போனாலும் மறைச்சுட்டுப் போனவங்கன்னு ஆயிடும். இந்து திருமணச் சட்டம் 26வது பிரிவுல டைவர்ஸுக்கு அப்புறமும் கஸ்டடி ஆர்டர மாத்தச் சொல்லி கேக்கலாம். போறதுக்கு முன்னாடியே, ஆர்டர் போட்ட அதே கோர்ட்ல கேளுங்க. அவரும் ஒத்துக்கிட்டா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு தாக்கல் பண்ணிடலாம், வாய்ப்பேச்சா மட்டும் விட்டுடாதீங்க.

வில்லியனூர் அப்பா:
மா, நான் அந்தப் பக்கத்து ஆளு. எம்பொண்ணு அவ அம்மாகூட திருப்பூர்ல இருக்கா. போறதுக்கு முன்னாடி என்னைய உக்கார வெச்சுப் பேசினாங்க, அதனாலதான் நானும் எதிர்த்து நிக்கல. உங்க பையனுக்கு நாலு வயசுதானே, அந்த வயசுல அப்பாவப் பாக்காம பதினஞ்சு நாளுங்கறது ரொம்ப நீளம், போன்ல முகம் பாத்தாலும் ரெண்டு நிமிஷத்துல ஓடிடுவான், அதுக்காக வீடியோ கால் வேணாம்னு விட்டுடக்கூடாது, சாப்பிடற நேரமா பாத்து வெச்சா கொஞ்சம் உக்காருவான். யசிதா சாஹு கேஸ்ல 2020ல சுப்ரீம் கோர்ட்டே வீடியோ கால்ல பேச விடணும்னு சொல்லியிருக்கு. ஆனா வாராவாரம் இழக்கறதுக்கு ஈடா காலாண்டு, அரையாண்டு, மே மாசம்னு நாள் கணக்கா அவர்கிட்ட விடுங்க. லீவுல வர்ற விருந்தாளி மாதிரி ஆக்கிடாதீங்க, ஸ்கூல் டைரி, டாக்டர் சீட்டு எல்லாம் அவருக்கும் போகணும். கெஞ்சிக் கேக்கறேன்.

மஞ்சக்குப்பம் அம்மா:
படிக்கறப்பவே கண்ணு கலங்கிடுச்சு அண்ணா. அவர்கிட்ட மொதல்ல பேசிடறேன். தூரந்தான் யோசனையா இருக்கு, இவ்ளோ சின்னப் பசங்கள ஒவ்வொரு தடவையும் முழுசா அலைக்கழிக்கறதா?

நெய்வேலி அக்கா:
ஒரே ஆளு முழு தூரமும் வரணும்னு இல்லம்மா. பாண்டி ஓசூர் ரோட்டுல நடுவால திருவண்ணாமலை வருது, அங்க வந்து மாத்திக்கலாம், பௌர்ணமி அன்னைக்கு மட்டும் வேணாம், கிரிவலக் கூட்டத்துல பசங்கள வெச்சுட்டு நிக்க முடியாது. பஸ் செலவு யாரு, பஸ் லேட்டானா என்ன, பையனுக்கு காய்ச்சல்னா அந்த வாரம் எப்ப ஈடு கட்டறது, எல்லாத்தையும் எழுதிடுங்க. டிசியும் வருஷ நடுவுல வாங்காதீங்க, ஜூன்ல புது ஸ்கூல் தொடங்கற மாதிரி கம்பெனில டைம் கேளுங்க.

கோர்ட் வாசல்:
அக்கா சொன்னத அப்படியே மனுவுல சேத்துடலாம். அவர் ஒத்துக்கலன்னா மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு அனுப்புவாங்க, அங்கயும் ஜட்ஜ் முன்னாடியும் வேலை ஆர்டர், ஸ்கூல் அட்மிஷன், வீடு, அப்பாவுக்கு எத்தன நாள்னு நீங்களே குடுக்கற திட்டம், இதெல்லாம் கையில இருக்கணும். இன்னொண்ணு, பிளான்ட்ல நைட் ஷிஃப்ட் உண்டா? இருந்தா ராத்திரி பசங்ககூட யாரு படுப்பாங்கங்கற கேள்வி கண்டிப்பா வரும், உங்கம்மா கூட வருவாங்களான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.