ஒட்டுசுட்டானில் மஞ்சள் எறும்பு: அனியூரேட்டஸா?

வன்னிச்சருகு: பாலை மரத்தடிச் சருகுக்குள்ள 2.5 மி.மீ. மஞ்சள் எறும்பு. நெஞ்சின் பின்பக்கம் ரெண்டு முள், சிலதுக்குப் பெரிய தலை. இலங்கைக்கே உரிய அனியூரேட்டஸ் சைமோனியா?

நுணுக்குக்காட்டி: முள்ளையும் பெருந்தலையையும் வச்சு முடிவெடுக்காதேங்கோ, மிர்மிசினே துணைக்குடும்பத்துப் பேரினமான பைடோலேயிலும் ரெண்டும் உண்டு. இடுப்பைப் பக்கவாட்டில பாருங்கோ. நீண்ட காம்பில ஒரே முடிச்சு எண்டால் அனியூரேட்டஸ் எண்டு யோசிக்கலாம். ரெண்டு முடிச்சு எண்டால் மிர்மிசினே, அனியூரேட்டஸ் கதை முடிஞ்சுது. 10 மடங்கு லென்ஸில பின்முடிச்சு வயிற்றோட ஒட்டின மாதிரித் தெரியும், பிழை வாறது அங்கதான். 40 மடங்கு வேணும். 1893இல் எறும்பியலாளர் எமரி விவரிச்ச அனியூரேட்டஸ் சைமோனி இரத்தினபுரி கிலிமலை போன்ற ஈரவலயக் காடுகளுக்குரியது. வறண்ட வன்னியில கிடைச்சால் பெரிய செய்தி, அதாலதான் இவ்வளவு சந்தேகம்.

வன்னிச்சருகு: ரெண்டு முடிச்சுத்தான் அண்ணை. உணர்கொம்பில 12 கணு, நுனி மூண்டும் தடிப்பு.

நுணுக்குக்காட்டி: அப்ப பைடோலே. 11 கணுவும் ரெண்டு தடிப்பும் எண்டால் கரேபாரா எண்ட மற்றப் பேரினத்தைப் பாத்திருக்கலாம்.

கறையான்புற்று: இனம் வரை போக பெரிய தலை வேலைக்காரி (பெருந்தலையன்) கட்டாயம், அதின்ர தலைவரிகள்தான் பிரிச்சுக் காட்டும். ஒரே கூட்டில பெருந்தலையன், சின்னத்தலையன் ரெண்டிலும் அஞ்சஞ்சு எடுத்து 95% எதனோலில போடுங்கோ, டி.என்.ஏ.க்கும் உதவும். சீட்டைப் பென்சிலால எழுதிக் குப்பிக்குள்ளயே வையுங்கோ. பேனை மை கரைஞ்சு போகும், இடமும் திகதியும் இல்லாத எறும்பு ஆருக்கும் உதவாது. எறும்பை ஊசியில குத்திவைக்க ஒட்டும்போது முக்கோண அட்டை நுனியில, நடுக்கால் பின்கால் அடிகளுக்கு இடையில துளிப் பசை. கூடினால் இடுப்பு மூடுபட்டுப் போகும். ஒதுக்கக் காடு எண்டால் முதல்ல அனுமதி எடுங்கோ.