வில்லனைப் பேசியே மடக்குவது சுதந்திரமா, சலுகையா?

சாம்பல்காற்று:
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஃபால்அவுட்: நியூ வேகாஸ் வீடியோ கேமை மூன்றாவது தடவையாக முடித்தேன். ஹூவர் அணையில் கடைசியாக வந்து நிற்பானே எதிரிப் படைத் தலைவன் லீகட் லானியஸ், முகமூடியும் பெரிய வாளுமாக? அவன் மேல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அணையைப் பிடித்தாலும் அதற்கு மேற்கே உள்ள நிலத்தைக் கட்டிக் காக்க உன்னால் ஆகாது என்கிற தோரணையில் பேசியே படையோடு திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி, "இவ்வளவுதானா? சண்டையே இல்லையா?" என்று எழுந்து போய்விட்டான். எனக்கோ அந்த இடம்தான் உச்சம். அணுகுண்டுப் போரில் உலகமே எரிந்து முடிந்த கதையிலும் எல்லாவற்றுக்கும் தோட்டாதான் பதில் என்றால் அப்புறம் எதற்கு ரோல்பிளே, ஒரு பாத்திரமாகவே இருந்து ஆடுவது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

துப்பாக்கிதாசன்:
நான் தம்பி கட்சி. நீங்கள் எங்கே பேசினீர்கள் நண்பரே, பேசியது ஸ்பீச் ஸ்கில், உங்கள் ஆளுக்கு நீங்கள் ஏற்றிய பேச்சுத் திறன் புள்ளி. எத்தனை புள்ளி வேண்டும் என்று அந்த வரியிலேயே போட்டிருக்கிறது. லானியஸிடம் 100 வரை கேட்பார்கள். இருந்தால் சொடுக்க வேண்டியது, அவன் மடிந்துவிடுவான். 90தான் இருக்கிறதா? கவலையே இல்லை, வெளியே நின்று ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினால் சற்று நேரத்துக்கு 10 புள்ளி கூடும். ஊர் ஊராகக் கொன்று குவித்தவனை வாசலில் பத்திரிகை படித்துவிட்டுப் போய் மனம் மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இல்லையா? இது வெறும் பூட்டும் சாவியும்.

சாம்பல்காற்று:
துப்பாக்கியும் எண்தானே? கன்ஸ் ஸ்கில்லை 100 வரை ஏற்றிவிட்டு, குறிபார்த்துக் கொடுக்கும் வாட்ஸ் வசதியில் தலையைக் குறித்துப் பொத்தானை அமுக்கினால் மட்டும் அது வீரமா? ஸ்பீச்சில் போட்ட புள்ளியை நான் வேறு எதிலும் போடவில்லை. டெத்கிளா என்கிற கொடிய மிருகத்தைக் கண்ட இடத்திலெல்லாம் ஓடி ஒளிந்துதான் அணைக்கு வந்து சேர்ந்தேன். அதற்கான கூலி இது. இன்னொன்று, 2008-இல் வந்த ஃபால்அவுட் 3-இல் பேச்சு பலிக்கும் வாய்ப்பைச் சதவீதமாகத்தான் காட்டுவார்கள். பலித்தாலும் பலிக்கும், பலிக்காமலும் போகும். நாம் என்ன செய்தோம்? சேவ் போட்டுவிட்டுப் பலிக்கும்வரை லோட் பண்ணினோம். 2010-இல் நியூ வேகாஸைச் செய்த அப்சிடியன் அதை நிலையான எண்ணாக மாற்றியது எவ்வளவோ நேர்மை.

துப்பாக்கிதாசன்:
சண்டையில் எண் இருந்தாலும் நடுவில் நான் இருக்கிறேன். எங்கே பதுங்குவது, எந்தக் கதவுக்குப் பின்னால் கண்ணிவெடி வைப்பது, காயம் ஆற்றும் ஸ்டிம்பேக் ஊசியை எப்போது குத்துவது, எல்லாம் என் முடிவு. ஒவ்வொரு தடவை சாகும்போதும் திட்டம் மாறும். உங்கள் பேச்சில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

பழையசேவ்:
இரண்டு பேரும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1997, முதல் ஃபால்அவுட்.

அதில் மாஸ்டர் என்கிற வில்லன் கதீட்ரலுக்கு அடியில் கணினியோடு சதையாக ஒட்டிக் கிடப்பான். மனிதர்களைப் பிடித்து வைரஸ் தொட்டியில் முக்கி சூப்பர் மியூட்டன்ட் என்கிற உருமாறிய ராட்சசர்கள் ஆக்குவது அவன் திட்டம். எல்லோரும் ஒரே இனமாகிவிட்டால் சண்டை எதற்கு என்று கேட்பான். அணுகுண்டு போட்டு உலகத்தையே எரித்த இனத்தில் பிறந்துவிட்டு அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள். என்னால் முடியவில்லை.

ஆனால் திட்டத்தில் ஓர் ஓட்டை. மியூட்டன்ட்களுக்குப் பிள்ளை பிறக்காது. அது நமக்கு எப்படித் தெரியும்? பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்கிற ஆயுதக் குழுவில் வ்ரீ என்ற ஆய்வாளர் ஒரு மியூட்டன்ட் பிணத்தை அறுத்துப் பார்த்த அறிக்கையை வைத்திருப்பார். அங்கே உள்ளே விட வேண்டுமே! வந்தவனைத் தட்டிக்கழிக்க, கதிர்வீச்சு கொதிக்கும் குளோ பள்ளத்துக்குப் போய் வா என்பார்கள். செத்துப் பிழைத்துத் திரும்பி வந்து, அந்த அறிக்கையை வாங்கி, அதை மாஸ்டரிடம் நீட்டலாம் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். இங்கே போ, இதைக் கொடு என்று எந்த அம்புக்குறியும் காட்டாது. ஆதாரத்தைப் பார்த்ததும் அவன் உடைந்துபோவான். இத்தனை பேரை வதைத்தது வீண் என்று தெரிந்து அவனே எல்லாவற்றையும் அழிக்க ஏற்பாடு செய்துவிட்டு, நம்மைப் போகச் சொல்வான்.

ஸ்பீச் புள்ளி அங்கேயும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தாசன் கேட்ட "நீங்கள் எங்கே?" என்பதற்கு இதுதான் பதில். அலைந்து தெரிந்துகொண்டதும், அதை எங்கே பயன்படுத்துவது என்று யோசித்ததும் நீங்கள்தான். அதே கேமில் கான்ஸ் கொள்ளைக் கும்பல் டாண்டி என்ற பெண்ணைக் கடத்தும்போதும் அப்படித்தான். பணம் கொடுத்து மீட்கலாம், தலைவன் கார்லோடு ஒற்றைக்கு ஒற்றை மோதலாம், பூட்டைத் திறந்து கூட்டிக்கொண்டு நழுவலாம், ஏன், அவனுடைய செத்துப்போன அப்பா மாதிரி வந்து பயமுறுத்தவும் செய்யலாம்!

துப்பாக்கிதாசன்:
மாஸ்டர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பின்னால் வந்தவர்கள் ஆதாரத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஃபால்அவுட் 3-இல் ஜனாதிபதி ஈடன் ஒரு கணினி. கொஞ்சம் வாதாடினால் தன் தளத்தோடு தன்னையே வெடித்துக்கொள்ளச் சம்மதிக்கும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பேச்சே எடுபடாத எதிரியும் வேண்டும். 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தில், எண்ணெய்க் கிணற்று மேடையில் கடைசி எதிரி ஃபிராங்க் ஹாரிகன் வழிமறிப்பான். எவ்வளவு பேசினாலும் அவன் விடமாட்டான். ஆனால் அங்கேயே இருக்கும் சார்ஜென்ட் கிரானைட்டையும் அவர் ஆட்களையும் பேசி நம் பக்கம் இழுத்து, அவன் மேலேயே ஏவலாம். ராட்சசன் ராட்சசனாகவே இருக்கிறான், கூட நிற்பவர்கள் விலகுகிறார்கள். இந்த மாதிரிப் பேச்சு என்றால் எனக்குச் சம்மதம்.

நாலுபதில்:
2015-இல் வந்த ஃபால்அவுட் 4 பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. கெல்லாக், நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவன். கடைசியில் எதிரே வந்து நின்று பேசத்தான் செய்வான். நான் லோட் பண்ணி லோட் பண்ணி நாலு பதிலையும் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் சண்டைதான். ஹாரிகனைப் போல முதலிலேயே முகத்தைக் காட்டியிருந்தால் கோபம் வந்திருக்காது. கதவைப் பூட்டிக்கொள்ளட்டும், பூட்டிய கதவில் எதற்கு நாலு கைப்பிடி?

அதே கேமுக்கு 2016-இல் வந்த ஃபார் ஹார்பர் என்கிற கூடுதல் பாகத்தில், ஒரு தீவில் மூன்று கூட்டத்துக்கு நடுவே சமாதானம் செய்து வைக்க வழி உண்டு. வழி என்ன தெரியுமா? அணுவைக் கும்பிடும் கூட்டத்தின் தலைவன் டெக்டஸை ஒழித்துவிட்டு, அல்லது விரட்டிவிட்டு, அவன் முகத்தோடு ஒரு சின்த்தை, மனித உருவ இயந்திரத்தை, அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். யாரும் யாரையும் நம்பவில்லை, யாரும் மனம் மாறவில்லை. ஆனால் தீவு அமைதியாகிவிடும். செய்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இதில் சுதந்திரம் இருக்கிறதா என்று கேட்டால், எனக்கு லானியஸைவிட இங்கேதான் அதிகம் இருந்தது.

துப்பாக்கிதாசன்:
அது பேச்சுவார்த்தை இல்லையே, மோசடி.

நாலுபதில்:
மோசடிதான். வேண்டாம் என்று விட்டுவிட்டு வரவும் முடியும். நான் விடவில்லை.

சாம்பல்காற்று:
எனக்கு உள்ள குறை வேறு. பேச்சு பலித்தால் வெற்றி, பலிக்காவிட்டால் துப்பாக்கி. நடுவில் ஒன்றுமே கிடையாது. கண்ணன் தூது போயும் போர் நிற்கவில்லை, ஆனால் போய் வந்த பிறகு சபையில் யார் எப்படிப்பட்டவர் என்று வெளுத்துவிட்டது. லானியஸிடம் நான் பேசித் தோற்றாலும் அவன் படையில் நாலு பேருக்காவது சந்தேகம் வந்து வாளைத் தாழ்த்த வேண்டும். அப்படி ஒரு கேம் வந்தால் ஸ்பீச் 20 வைத்துக்கொண்டே ஆடுவேன்.

துப்பாக்கிதாசன்:
அப்படி வந்தால் நானும் வாங்குவேன். இப்போதைக்கு, அண்ணன் பேச்சைக் கேட்டு முதல் ஃபால்அவுட்டை இறக்கிவிட்டேன். பலம் 10, புத்தி 2. வாயைத் திறந்தால் என் ஆள் உறுமுகிறான். இவனை வைத்துக்கொண்டு மாஸ்டரிடம் எதை நீட்டுவது?

பழையசேவ்:
புத்தி 2-இல் உறுமல்தான் வரும் தம்பி, கேம் சரியாகத்தான் ஓடுகிறது. மாஸ்டர் இருக்கட்டும், முதலில் உங்கள் ஆட்களின் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கு வேண்டிய வாட்டர் சிப்பைத் தேடுங்கள். 150 நாள் கெடு ஓட ஆரம்பித்தாயிற்று.